மடை யார் கையில்? ‘துணைச் சொத்து’ பற்றி ஓர் எளிய விளக்கம்

கீழக்கரையில் நோன்பு திறக்கும் நேரத்தில் கஞ்சிக் கோப்பைக்குப் பக்கத்தில் கடப்பாசியும் இருக்கும். பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி, ஆறவைத்து, சதுரம் சதுரமாக வெட்டியிருப்பார்கள். அதை உறைய வைப்பது அகர். அகர் கிடைப்பது கடலடிப் பாறையைப் பிடித்து வளரும் பாசியிலிருந்து; எங்கள் பக்கம் அதற்கு மரிக்கொழுந்து என்று பெயர். பாம்பன் சின்னப்பாலத்திலும் ஏர்வாடியை ஒட்டிய ஊர்களிலும் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, மூச்சடக்கி முங்கி, அதைப் பிடுங்கி எடுக்கிறார்கள்.

என் சித்தி முப்பது வருடத்துக்கு மேல் இந்த வேலை செய்தவர். சின்ன வயதில் அவரோடு எடை போடும் இடத்துக்குப் போயிருக்கிறேன். காயவைத்துக் கட்டிய மூட்டைக்குள் வியாபாரி கையை விட்டுப் பார்ப்பார். “என்னத்தா, ஈரம் காயலையே?” “ரெண்டு நாள் நல்ல வெயில்ல கெடந்துச்சுண்ணே.” ஈரத்துக்கு இத்தனை கிலோ, மணலுக்கு இத்தனை கிலோ என்று கழித்த பிறகு அவர் ஒரு விலை சொல்வார். சித்தி அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொள்வார்.

எந்தப் பாறையில் எந்த மாதம் பாசி நிற்கும், எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் தண்ணீர் தெளியும் என்பதெல்லாம் சித்திக்கு அத்துப்படி. வியாபாரி கடலில் கால் நனைத்தவர் இல்லை. வேலைத் திறமை முழுவதும் ஒருவரிடம் இருக்கிறது, விலை சொல்லும் உரிமை இன்னொருவரிடம் இருக்கிறது. இது ஏன் என்று நான் கேட்டபோதெல்லாம் ‘அவுககிட்ட காசு இருக்கு’ என்றுதான் பதில் வந்தது. அது தப்பான பதில் இல்லை. ஆனால் பாதிப் பதில். மீதிப் பாதி எனக்குக் கிடைத்தது பல வருடம் கழித்து, மேலாண்மை படிக்கப் போன இடத்தில். அங்கே படித்ததில் ஊருக்குத் திரும்பிய பிறகும் எனக்கு நாள்தோறும் உதவுகிற கருத்து இது ஒன்றுதான். இப்போது மாணவர்களுக்கு வணிகவியல் சொல்லிக்கொடுக்கும்போதும் முதல் வாரத்திலேயே இதை எடுத்துவிடுகிறேன்.

கருத்தின் பெயர் காம்ப்ளிமெண்டரி அசெட்ஸ். தமிழில் துணைச் சொத்துகள் என்று வைத்துக்கொள்வோம். நியூசிலாந்தில் பிறந்து, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக வணிகப் பள்ளியில் பேராசிரியராக இருந்த டேவிட் டீஸ் 1986-ல் ‘ரிசர்ச் பாலிசி’ என்ற ஆய்விதழில் எழுதிய கட்டுரையில் இதை விளக்கினார். கம்பெனிகளின் உத்தி பற்றிய ஆராய்ச்சியில் அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் அது ஒன்று. அவர் கேட்ட கேள்வி நேரானது: ஒரு புதிய பொருளை முதலில் கண்டுபிடித்துச் சந்தைக்குக் கொண்டுவந்தவர் தோற்றுப்போக, பின்னால் வந்து அதேபோலச் செய்தவர் லாபம் பார்ப்பது ஏன் இத்தனை முறை நடக்கிறது?

அவர் காட்டும் உதாரணங்களில் என் மனதில் தங்கியது சி.டி. ஸ்கேன் கதை. தலையில் அடிபட்டவரை ராமேஸ்வரம் தீவிலிருந்து ராமநாதபுரத்துக்கும், அங்கிருந்து மதுரைக்கும் கொண்டு ஓடிய குடும்பங்கள் எங்கள் பக்கம் நிறைய உண்டு. அந்த எந்திரத்தின் அருமை அவர்களுக்குத் தெரியும். அதைச் செய்தது ஓர் இசைத்தட்டுக் கம்பெனி. கிராமபோன் குழாய்க்கு முன்னால் நாய் உட்கார்ந்திருக்கும் எச்.எம்.வி. தட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த எச்.எம்.வி.யின் தாய்க் கம்பெனியான இங்கிலாந்தின் இ.எம்.ஐ.யில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற பொறியாளர் வேலை பார்த்தார். பல கோணங்களில் எக்ஸ்ரே எடுத்து, கணினியால் அவற்றைச் சேர்த்து, உடலின் உள்ளே ஒரு வெட்டுமுகத்தைக் காட்ட முடியும் என்று அவர் நிரூபித்தார். 1971 அக்டோபரில் லண்டனில் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் மூளை இப்படிப் படமெடுக்கப்பட்டது. 1979-ல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும், இதற்கான கணக்கைத் தனியாகப் போட்டிருந்த ஆலன் கார்மக்குக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது.

கம்பெனிக்கு என்ன கிடைத்தது? 1973-ல் அமெரிக்கச் சந்தைக்குள் ஸ்கேனர் நுழைந்தது. ஆறு வருடத்தில் முதலிடம் போய்விட்டது. எட்டாவது வருடத்துக்குள் இ.எம்.ஐ. அந்தத் தொழிலையே விட்டுவிட்டது. சந்தையைப் பிடித்தவர்களில் பெரியவர் ஜெனரல் எலக்ட்ரிக்.

இதில் திருட்டு, சூழ்ச்சி என்றெல்லாம் தேட வேண்டாம். ஸ்கேனர் என்பது அன்றைய மருத்துவமனைகள் பார்த்தே இராத சிக்கலான எந்திரம். அதை இயக்க ஆட்களுக்குப் பயிற்சி தர வேண்டும். பழுதானால் அன்றைக்கே ஓடிவர ஆள் வேண்டும். எந்த மருத்துவமனையில் யாரிடம் பேசினால் வாங்குவார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். ஜெனரல் எலக்ட்ரிக் ஏற்கெனவே எக்ஸ்ரே எந்திரம் விற்றுக்கொண்டிருந்த கம்பெனி. அதன் பொறியாளர்கள் அமெரிக்க மருத்துவமனைகளுக்குள் தினமும் போய் வந்துகொண்டிருந்தார்கள். பாட்டு விற்ற கம்பெனிக்கு அங்கே அப்படி யாரும் இல்லை. கண்டுபிடிப்பு லண்டனில் இருந்தது. அதைக் காசாக மாற்றுவதற்குத் தேவையான மற்ற எல்லாம் போட்டியாளர் கையில் இருந்தது. அந்த ‘மற்ற எல்லாம்’தான் துணைச் சொத்து.

சொத்து என்றதும் நிலம், கட்டடம் என்று நினைக்க வேண்டாம். பழுது பார்க்கும் ஆள், விநியோக வழி, உரிமம், வாங்குபவரின் நம்பிக்கை, கடன் கொடுக்கும் வசதி, காயவைக்க ஒரு சிமெண்ட் தரை என எல்லாமே இதில் சேரும். நீங்கள் செய்த பொருள் உங்கள் கையை விட்டுப் போய்க் காசாகத் திரும்பி வரும் வழியில் எதெல்லாம் தேவையோ அதெல்லாம் துணைச் சொத்து.

ராமநாதபுரத்துக்காரர்களுக்கு இதை இன்னும் சுலபமாகச் சொல்லலாம். நம் மாவட்டம் கண்மாய்களின் மாவட்டம். கண்மாய் நிறைந்து கிடந்தாலும் உங்கள் வயலுக்குத் தண்ணீர் வருவது மடை திறந்தால்தான். ஒரே ஒரு மடை இருந்து, அது ஒருவர் கையில் இருந்தால், கண்மாய் ஊருக்குப் பொதுவாக இருந்தும் என்ன பயன்? டீஸ் சொல்வதன் சாரம் இதுதான்: லாபத்தைத் தேடுகிறவர் கண்மாயை மட்டும் பார்க்காமல் மடையையும் பார்க்க வேண்டும்.

சரி, எல்லாத் தொழிலிலும் இப்படியா? இல்லை. அதற்குத்தான் அவர் வேறு இரண்டு விஷயங்களையும் சேர்த்துக் கேட்கச் சொல்கிறார்.

ஒன்று, வேலி எவ்வளவு உயரம்? உங்கள் கண்டுபிடிப்பை அடுத்தவர் பார்த்துச் செய்துவிட முடியுமா? காப்புரிமை வலுவாக இருந்தாலோ, கோகோ கோலாவின் கலவை மாதிரி ரகசியமாக வைக்க முடிந்தாலோ, வேலி உயரம். அப்போது நிதானமாக யோசிக்கலாம். துணைச் சொத்து வைத்திருப்பவரே உங்களைத் தேடி வருவார். வேலி தாழ்வாக இருந்தால், நீங்கள் தடுமாறும் நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் அதையே செய்துகொண்டிருப்பார். கடல் தொழிலில் வேலி மிகத் தாழ்வு. ஒரு படகு நல்ல பாடு கண்டால் மறுநாள் எத்தனை படகு அந்தத் திசையில் திரும்பும் என்று கரையில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரைக்கு உள்ளே, நம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் கிடைத்த புவிசார் குறியீடு ஒரு வேலிதான். வேறு ஊர் மிளகாயை ராமநாதபுரம் முண்டு என்ற பெயரில் விற்க முடியாமல் அது தடுக்கிறது. ஆனால் பெயருக்குத்தான் வேலி. குளிர்பதனக் கிடங்கு, ஏற்றுமதி உரிமம் எல்லாம் யாரிடம் இருக்கின்றன என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

இரண்டாவது, பொருளின் வடிவம் நிலைத்துவிட்டதா? ஆரம்பத்தில் ஆளுக்கொரு விதமாகச் செய்வார்கள். பிறகு ஒரு வடிவம் நின்றுவிடும், மற்றவை போய்விடும். அது நிலைத்த பிறகு போட்டி யோசனையில் இருக்காது. யார் மலிவாகச் செய்கிறார்கள், யார் எல்லா ஊருக்கும் கொண்டுசேர்க்கிறார்கள் என்பதில் இருக்கும். துணைச் சொத்துக்கு மதிப்பு ஏறுவது அப்போதுதான்.

துணைச் சொத்துகளிலும் எல்லாம் ஒன்றல்ல. டீஸ் மூன்றாகப் பிரிக்கிறார். இந்தப் பிரிவு புரிந்தால் பாதி விஷயம் கைக்கு வந்துவிடும் என்பது என் அனுபவம்.

லாரியை எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குக் கருவாடு ஏற்றும், நாளைக்குக் கரிமூட்டை ஏற்றும். ஒரு லாரிக்காரர் அதிக வாடகை கேட்டால் இன்னொருவரைக் கூப்பிடலாம். இது எந்தத் தொழிலுக்கும் பயன்படும் பொதுவான வகை. இதைச் சொந்தமாக வாங்கக் கடன் படுவது பெரும்பாலும் வீண்.

இரண்டாவது வகையில் ஒருவர் மற்றவரைச் சார்ந்திருப்பார், மற்றவர் இவரைச் சார்ந்திருக்க மாட்டார். மரிக்கொழுந்தை அகராக மாற்றும் ஆலைகள் மதுரையைச் சுற்றி இருக்கின்றன. ஆலைக்கு எங்கள் ஊர்ப் பாசி இல்லாவிட்டால் வேறு ஊர்ப் பாசி வரும், அகர் தரும் இன்னொரு பாசியான கஞ்சிப்பாசியும் ஓடும். சித்திக்கோ, ஆலைக்குப் போகும் வழியைத் தெரிந்தவர் அந்த ஒரு வியாபாரிதான். ஒருபக்கச் சார்பு. விலை யார் சொல்வார் என்பது இங்கேயே முடிவாகிவிடுகிறது.

மூன்றாவது, இரண்டு பக்கமும் சார்ந்திருப்பது. கடற்கரை ஐஸ் பிளாண்ட் இப்படிப்பட்டது. ஐஸ் இல்லாமல் படகு ஆழத்துக்குப் போக முடியாது. படகு போகாவிட்டால் ஐஸை வாங்க ஆள் கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுத் துறைகளில் ஐஸ் பிளாண்ட் எப்படி இருக்கும் என்று போய்ப் பார்த்தால் இந்த உறவு புரியும். இங்கே இருவருக்கும் பேரம் பேசும் பலம் உண்டு. ஒருவர் பிடிவாதம் பிடித்தால் இருவருக்கும் நட்டம்.

இந்தப் பிரிவை வைத்துப் பழைய கதை ஒன்றையும் பார்க்கலாம். நம் கடலில் முங்கி எடுத்த சங்கு வளையலாக மாறியது வங்காளத்தில். அறுக்கும் கைத்திறன் அங்கே இருந்தது, சங்கு வளையல் அணிய வேண்டும் என்ற திருமண வழக்கமும் அங்கே இருந்தது. இங்கே இருந்தது மூச்சு மட்டும்தான்.

இப்போது நான் நிறுத்தி நிதானமாகச் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன்.

மண்டபத்திலிருந்து தொண்டி வரைக்கும் வடகடல் (பாக் விரிகுடா) ஓரமாகப் போனால், கரைக்கு அருகில் மூங்கில் மிதவைகள் வரிசையாகக் கட்டப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். அதில் வளர்வது காப்பாஃபைகஸ் என்ற பாசி. அந்தப் பெயரை ஊரில் யாரும் சொல்வதில்லை. ‘பெப்சி பாசி’ என்றுதான் சொல்கிறோம். குளிர்பானக் கம்பெனியின் பெயர் ஒரு கடல் தாவரத்தின் பெயராகிவிட்டது. ஏன் அப்படி ஆனது என்று கேட்டுப் பார்த்தால் துணைச் சொத்துப் பாடம் முழுவதும் அதற்குள் இருக்கிறது.

இந்தப் பாசியின் தாயகம் பிலிப்பைன்ஸ் பக்கம். குஜராத்தின் பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் 1980-களில் ஜப்பான் வழியாகக் கொஞ்சம் நாற்றைக் கொண்டுவந்து, நம் கடலில் வளருமா என்று பல வருடம் பொறுமையாகப் பார்த்தது. அந்த நிறுவனத்தின் பாசி ஆய்வு நிலையம் மண்டபத்திலேயே இருக்கிறது. வளர்க்கும் முறையைத் தேற்றியதும், புதிதாக அறுத்த பாசியை அரைத்து, சாற்றைத் திரவ உரமாகவும் சக்கையைக் காராஜீனன் எடுக்கவும் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றதும் அவர்கள்தான். காராஜீனன் என்பது கெட்டிப்படுத்தும் பொருள். ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் சேர்ப்பார்கள்.

ஆக, அறிவு அரசு ஆய்வகத்தில் இருந்தது. அது காசாக மாற என்னென்ன வேண்டும்? மிதவை கட்ட முதல், நம்பி வளர்க்க ஆள், வளர்ந்ததை ‘நான் வாங்கிக்கொள்கிறேன்’ என்று முன்கூட்டிச் சொல்லும் ஒரு வாய், உலகச் சந்தையில் காராஜீனன் வாங்குபவர்களோடு தொடர்பு. ஆய்வகத்திடம் இதில் எதுவும் இல்லை. 2000-ஐ ஒட்டிய வருடங்களில் பெப்சிகோ இந்தியா உரிமம் பெற்று உள்ளே வந்தது. ஒப்பந்த முறையில், மகளிர் சுயஉதவிக் குழுக்கள் வளர்க்க, கம்பெனி வாங்கிக்கொண்டது. வாங்கிக்கொள்ளும் உத்தரவாதம் இருந்ததால் வங்கி கடன் கொடுத்தது. அந்த உத்தரவாதம்தான் அன்றைக்கு மடை. மடையைத் திறந்தவர் பெயரே பாசிக்கு நின்றுவிட்டது. வருடக்கணக்காக நாற்றைக் காப்பாற்றிய ஆய்வகத்தின் பெயரை ஊரில் சொல்வார் இல்லை.

இதில் எனக்கு இன்னொன்றும் வியப்பாக இருக்கும். டீஸின் கட்டுரையிலேயே பெப்சி வருகிறது. அமெரிக்காவில் ராயல் கிரவுன் என்ற சிறிய கம்பெனி டயட் கோலாவை முதலில் கொண்டுவந்தது. கோகோ கோலாவும் பெப்சியும் பின்னால் வந்து அதே மாதிரி பானத்தைச் செய்து, தங்களிடம் இருந்த பாட்டில் ஆலைகள், விற்பனை வழி, விளம்பர பலம் ஆகியவற்றால் சந்தையை எடுத்துக்கொண்டன. துணைச் சொத்தின் பலத்துக்குப் பாடப்புத்தக உதாரணமான ஒரு கம்பெனி, அதே பலத்தோடுதான் மண்டபம் கரையிலும் வந்து நின்றது.

நான் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அந்த உத்தரவாதம் இல்லாவிட்டால் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அந்த வருமானம் வந்திருக்காது. பாறையில் விரலைக் கிழித்துக்கொண்டு பிடுங்குவதைவிட மிதவையில் வளர்ப்பது உடம்புக்கு நல்லது. ஒரு மிதவைக்கு சுமார் 60 கிலோ நாற்றுக் கட்டினால், 45 நாளில் நல்ல பருவத்தில் நான்கு மடங்காகும். ஒருவருக்கு 45 மிதவை இருந்தால் தினம் ஒன்றை அறுத்துக்கொண்டே வரலாம் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். பத்துக் கிலோ பச்சைப் பாசி காய்ந்தால் ஒரு கிலோ. கரையில் வேலை, கையில் வாரக் கூலி. என் சித்தி மகளும் அப்படித்தான் இதில் இறங்கினாள்.

ஆனால் 2008-ல் பெப்சிகோ இந்தத் தொழிலை அக்வாக்ரி என்ற கம்பெனிக்கு விற்றுவிட்டு விலகியது. வளர்க்கத் தெரிந்த பெண்கள் எல்லோரும் கரையிலேயேதான் இருந்தார்கள். அவர்களுடைய திறமை ஒரு துளி குறையவில்லை. மடை மட்டும் கை மாறியது. அந்த முடிவு எடுத்தபோது கரையில் யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. பிறகு பாசிச் சாறு உரமாக, உரம் விற்கும் கூட்டுறவு நிறுவனமான இஃப்கோ வழியாக ‘சாகரிகா’ என்ற பெயரில் நாடெங்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் போனது. இஃப்கோவிடம் இருந்தது என்ன? விவசாயியின் வீட்டுப் பக்கத்தில் ஏற்கெனவே நிற்கும் விற்பனை நிலையம். ஜெனரல் எலக்ட்ரிக்கின் பொறியாளர் மருத்துவமனைக்குள் ஏற்கெனவே நின்ற மாதிரி.

இங்கே கருத்தின் நடைமுறைப் பகுதி வருகிறது. மடை உங்களிடம் இல்லையென்றால் என்ன செய்வது? டீஸ் சொல்லும் வழிகள் மொத்தம் இரண்டு: சொந்தமாக வைத்துக்கொள்வது, அல்லது வைத்திருப்பவரோடு ஒப்பந்தம் போடுவது. நடுவில் பலவிதக் கலவைகள். எதைச் சொந்தமாக்குவது என்பதற்கும் அளவுகோல் தருகிறார். வேலி உயரமாக இருந்தால் ஒப்பந்தமே போதும். பொதுவான சொத்தாக இருந்தால் வாடகைக்கு எடுங்கள். வேலி தாழ்வு, சொத்து ஒரே ஆளிடம், அது இல்லாமல் நகரவும் முடியாது என்றால், கடன்பட்டாவது அதில் ஒரு பங்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் வாங்கப் போனால் பணம் தீர்ந்துவிடும். ஆகவே எது மடை என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

பேச்சுவார்த்தைக்கு நேரம் உண்டு என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். மீன் வலைக்குள் வந்த பிறகு விலை பேசினால், ஒவ்வொரு மணி நேரமும் விற்பவருக்கு எதிராகவே ஓடும். கடலுக்குப் போகும் முன்பு பேசினால் இருவருக்கும் நேரம் சமம். ஆனால் போகும் முன்பே டீசலுக்கும் வலைக்கும் முன்பணம் வாங்கிவிட்டால்? அப்போது பேச எதுவுமே மிச்சமில்லை.

முன்பணம் என்றதும் ஒரு புகழ்பெற்ற ஆய்வு நினைவுக்கு வருகிறது. வட கேரளக் கடற்கரையில் 1997-க்கும் 2001-க்கும் இடையில் கைபேசி வந்தபோது என்ன நடந்தது என்று பொருளாதார ஆய்வாளர் ராபர்ட் ஜென்சன் பார்த்தார். முடிவுகள் 2007-ல் வெளிவந்தன. அதற்கு முன் ஒரு துறையில் மத்தி வாங்க ஆள் இல்லாமல் கடலில் கொட்டுவார்கள், சில மைல் தள்ளி இன்னொரு துறையில் மீன் கிடைக்காமல் திரும்புவார்கள். கடலில் இருந்தபடியே பேச முடிந்ததும் மீன் வீணாவது நின்றது, துறைக்குத் துறை விலை வித்தியாசம் வெகுவாகக் குறைந்தது. மீனவரின் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, வாங்குபவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. தொழில்நுட்பம் எல்லோருக்கும் நல்லது செய்த அருமையான உதாரணம். இதைச் சொல்லிக்கொடுக்கும்போது என் மாணவர் ஒருவர், மீனவர் வீட்டுப் பையன், எழுந்து கேட்டார்: “எங்க அப்பாகிட்டயும் போன் இருக்கு சார். ஆனா கம்பெனி ஏஜெண்டுக்குத்தானே எறாலைப் போடணும்?” அவர் சொன்னது சரி. எந்தத் துறைக்கும் படகைத் திருப்பலாம் என்ற சுதந்திரம் இருக்கிறவருக்குத் தகவல் காசாகிறது. முன்பணம் வாங்கி ஒருவருக்கே போட வேண்டியவருக்கு, பக்கத்துத் துறையில் விலை கூட என்று தெரிவது வயிற்றெரிச்சலைத்தான் தரும். அந்த வீட்டின் மடை தகவல் அல்ல, கடன். ஒரே கைபேசி, இரண்டு கரை, இரண்டு முடிவு. வெளியூரிலிருந்து செயலி செய்து கொண்டுவரும் நல்ல மனிதர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

இந்தக் கருத்துக்கு ஓட்டையும் உண்டு. டீஸ் கம்பெனிகளைப் பற்றி எழுதினார். அவருடைய படத்தில் கடல் இல்லை. 2013-க்குப் பிறகு கடல் சூடேறி வடகடலில் வளர்த்த பாசி கூட்டம் கூட்டமாகச் செத்தது, உற்பத்தி சரிந்தது. அதற்கு முன்பே 2008-ல், குருசடைத் தீவின் பவளப்பாறைகள்மேல் இந்த வெளியூர்ப் பாசி படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் எழுதினார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே பவளம் செத்தால் மீன் குஞ்சுக்கு இடமில்லை. லாபம் யாருக்கு என்ற கேள்விக்கு நல்ல கருவி இது. தொழில் தாங்குமா என்ற கேள்விக்கு இது போதாது. டீஸே பின்னாளில், 1997-ல், கேரி பிசானோ, ஏமி ஷூயன் ஆகியோரோடு சேர்ந்து, சொத்து இருந்தால் மட்டும் போதாது, நிலைமை மாறும்போது அவற்றைப் புதிதாக மாற்றி அமைக்கும் திறனும் வேண்டும் என்று எழுதினார். அதுவும் பெரிய விஷயம்தான், இன்னொரு நாள் எழுதுகிறேன்.

எங்கள் மாவட்டத்து வலமாவூரில் 127 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்கா அமைக்க 2023-ல் அடிக்கல் நாட்டினார்கள். 2021 மத்திய பட்ஜெட்டில் அறிவித்தது. பூங்கா என்றால் பூச்செடி இல்லை. நாற்று வங்கி, பரிசோதனைக் கூடம், பயிற்சி, பதப்படுத்தும் வசதி என்று நான் மேலே சொன்ன மடைகளில் பல ஒரே இடத்துக்கு வரப்போகின்றன. அவற்றை யார் நிர்வகிப்பார்கள், குழுப் பெண்களுக்கு என்ன கட்டணம், தரம் பார்த்துச் சீட்டுக் கொடுப்பது யார் என்பதெல்லாம் கட்டடம் எழும்பும்போதே கேட்க வேண்டிய கேள்விகள். ஈரம் எவ்வளவு என்று கருவி பார்த்து, எண்ணை எழுதிக் கொடுத்தால், மூட்டைக்குள் கைவிட்டுப் பார்க்கும் பழக்கம் போகும். அது சின்ன எந்திரம்தான். சித்தி காலத்தில் அது இருந்திருந்தால் எத்தனை கிலோ கழிபடாமல் மிஞ்சியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

போன புரட்டாசியில் சித்தி மகளும் அவள் குழுவில் நான்கு பேரும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். காலண்டர் தாளின் பின்பக்கம் மூன்று கட்டம் போட்டுக் கொடுத்தேன்: நம்மிடம் இருப்பது, வாடகைக்குக் கிடைப்பது, ஒரே ஆளிடம் இருப்பது. மூங்கில், கயிறு, லாரி எல்லாம் சட்டென்று நடுக் கட்டத்துக்குப் போயின. காயவைக்கும் தரையை முதல் கட்டத்தில் எழுதினார்கள், பஞ்சாயத்து கட்டிக்கொடுத்தது. கொள்முதல் செய்பவரை மூன்றாவதில் எழுதுவார்கள் என்று நினைத்தேன். “இப்ப ரெண்டு மூணு பேர் வர்றாங்கண்ணே, அது நடுவுலதான்” என்றாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் அவர்களில் மூத்தவர் பேனாவை வாங்கி, மூன்றாவது கட்டத்தில் ‘நாத்து’ என்று எழுதினார்.

வாடைக்காற்று மாதங்களில் வடகடல் கொந்தளித்து மிதவைகளை உடைத்துவிடும். தை பிறந்து மறுபடி கட்டும்போது யாரிடம் நாற்று மிஞ்சியிருக்கிறதோ அவர் சொன்னதுதான் விலை. இந்த வருடம் பத்து மிதவையை அறுத்து விற்காமல் விடுவது, அந்தப் பாசியைக் குழாய் வலையில் திணித்து, காற்று அடிக்காத ஒதுக்கில் கட்டி வாடையைத் தாண்ட வைப்பது என்று அங்கேயே பேசி முடித்தார்கள். பத்து மிதவைப் பணம் இப்போது வராது. அதை ஐந்து பேரும் எப்படிப் பங்கு போட்டுத் தாங்குவது என்பதில்தான் அன்று ராத்திரி வெகுநேரம் போனது.